லீவரைத் தொடாமல் இறங்குவது: சோலோவுக்கு முன்பா, பின்பா?

பொங்கலுக்குக் கானாடுகாத்தான் வந்த ஆச்சி மகள் ஒரு கேள்வியையும் கூடவே கொண்டுவந்தாள். (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா. பாட்டி என்று நினைத்துவிட வேண்டாம்.) அவள் கிளைடர் பயிற்றுநர் ஆகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. நான் அதே வேலையை வடக்கே இருபது வருடம் பார்த்துவிட்டு, முழங்கால் வலியோடு ஊர் திரும்பியவன். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைக்கக்கூட இல்லை, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மான், என்கிட்ட மூணு பசங்க அடுத்த மாசம் சோலோ போறாங்க. ஸ்பாய்லர் இல்லாம இறங்குறதை அதுக்கு முன்னாடி சொல்லிக் குடுக்கணுமா, பின்னாடியா, இல்ல வேண்டவே வேண்டாமா? எங்க கிளைடர் களத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இரண்டு நாள் பேசினோம். முதல் நாள் நான் ஒரு பக்கம் நின்றேன், இரண்டாம் நாள் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சோலோ என்றால் பயிற்றுநர் கூட இல்லாமல் மாணவன் தனியாகப் பறப்பது. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது என்றதும் எல்லோரும் கேட்பது, "விழுந்துடாதா?" என்றுதான். உண்மையில் சிக்கல் நேர்மாறானது. அது இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அவள் களத்தில் இருப்பது ஏஎஸ்கே 21. 17 மீட்டர் இறக்கை, 1979இல் முதலில் பறந்த ஜெர்மன் வண்டி, உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுகிறது. ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் 34 மீட்டர் முன்னால் போய்விடும். இதுதான் சறுக்கு விகிதம். அதை இறக்கத்தான் இடது கைப் பக்கம் ஒரு நீல லீவர். இழுத்தால் இறக்கையின் மேல்பரப்பிலிருந்து பலகைகள் எழும்பும், தூக்குவிசை கெடும், இழுவை (காற்று பின்னால் பிடித்து இழுப்பது) கூடும். முழுக்க இழுத்தால் அதே 34 ஏறக்குறைய ஆறேழு ஆகிவிடும். கறாராகப் பார்த்தால் இதற்குப் பெயர் ஏர்பிரேக். களத்தில் எல்லோரும் ஸ்பாய்லர் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரன்வேயை நோக்கி நேராகத் திரும்பி ஃபைனலுக்கு வரும்போது உயரம் 300 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 91 மீட்டர். லீவரை முழுக்க இழுத்தால் 600 மீட்டர் சொச்சத்தில் தரை. தொடாமல் விட்டால் 3 கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் ஊரில் ஃபைனல் திரும்பி, செட்டிநாட்டு ரயில் நிலையத்தைக் கடந்து, இன்னும் பறந்துகொண்டே இருப்போம்.

இனி அவள் முன்னால் இருந்த வழிகள்.

முதலாவது, கற்றுக்கொடுக்கவே வேண்டாம் என்பது. அவள் களத்தின் மூத்தவர் ஒருவரின் கட்சி இது. கேட்டவுடன் சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் அவர் வாதத்தில் சத்து உண்டு. ஸ்பாய்லர் மூடியபடியே சிக்கிக்கொள்வது அபூர்வம். அதிகம் நடப்பது இதற்கு எதிரானது: பூட்டாமல் கிளம்பி, மேலேறும்போது அது தானே திறந்துகொள்வது. கிளைடரைக் கயிறு கட்டி மேலே கொண்டுபோகும் இழுவை விமானம் பாவம், முக்கி முக்கி இழுக்கும். பின்னால் இருக்கும் மாணவனுக்கு ஒன்றும் தெரியாது. இழுவை விமானி தன் வாலில் இருக்கும் திருப்புப் பலகையை (ரட்டர்) இப்படியும் அப்படியும் ஆட்டினால் "உன் ஸ்பாய்லரைப் பார்" என்று அர்த்தம். இறக்கைகளை ஆட்டினால் "உடனே கயிற்றை விடு". இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, திறந்த ஸ்பாய்லரோடு தாழ்வான உயரத்தில் கயிற்றை விட்டவர்கள் உண்டு. பயிற்சிக்கு இருக்கும் நேரத்தை எது அதிகம் கொல்கிறதோ அதில் செலவிடு என்கிறார் அவர். அதோடு, பறப்பதற்கு முன் ஆள் வைத்துச் சோதிக்கும் வழக்கத்தைக் கண்டிப்பாக்கு என்கிறார். ஒருவர் இறக்கையின் பக்கத்தில் நின்று எழும்பிய பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், உள்ளே இருப்பவர் லீவரை நகர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். லீவர் நகர்ந்து பலகை நகரவில்லையென்றால், இறக்கையை மாட்டும்போது ஏதோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று தரையிலேயே தெரிந்துவிடும்.

அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் நான் அந்தக் கட்சியில் சேர முடியாது. காரணம் ஒரு மெத்தை.

நான் மாணவனாக இருந்தபோது இரண்டு பேர் உட்காரும் கிளைடரில் தனியாகப் போனேன். பின் இருக்கை மெத்தையைக் கழற்றியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முன்னும் பின்னும் உள்ள லீவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு குலுக்கலில் மெத்தை நழுவிப் பின் லீவருக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. டவுன்விண்டில், அதாவது இறங்குமுன் ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கையில், லீவரை இழுக்கிறேன், விரற்கடை அளவுகூட அசையவில்லை. என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. பயத்தில் கிளைடரின் மூக்கைக் கீழே அழுத்தினேன். சீக்கிரம் இறங்கிவிடலாம் என்று மனசு சொல்லும், யாருக்கும் அப்படித்தான் சொல்லும். வேகம்தான் ஏறியது. ரன்வேக்கு மேலே ஆளுயரத்தில் மிதந்துகொண்டே போனேன். ஒருவழியாகச் சக்கரம் தரையைத் தொட்டதும் பிரேக் பிடிக்கலாம் என்று கை தானாக லீவருக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது: சக்கரத்தின் பிரேக்கும் அதே லீவரின் கடைசி இழுப்பில்தான் இருக்கிறது. ஸ்பாய்லர் சிக்கினால் பிரேக்கும் போச்சு. வேலி நெருங்க, ஓர் இறக்கை நுனியைத் தரையில் உரசவிட்டு வட்டமடித்து நின்றேன். வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த மூக்கை அழுத்திய தப்பைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 50 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வர வேண்டியவன் 60 நாட்டில் வந்தால், அந்தக் கூடுதல் வேகத்துக்குள் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம் ஒளிந்திருக்கிறது. 34ஆல் பெருக்கினால் அரை கிலோமீட்டர். அதற்கு மேல், தரைக்கு அருகில் இறக்கையின் மொத்த நீளத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டால் இழுவை இன்னும் குறையும், மிதப்பு இன்னும் நீளும். இதை ஒரு தடவையாவது பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது உடம்பால் அனுபவித்திருந்தால் நான் மூக்கை அழுத்தியிருக்க மாட்டேன். வாயால் சொல்லிப் புரியவைக்கிற சமாச்சாரம் இல்லை இது.

இரண்டாவது வழி, கணினி சிமுலேட்டரில் செய்ய வைப்பது. இறங்குமுன் களத்தைச் சுற்றி வரும் பாதையை, அதாவது சர்க்யூட்டை, எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று பழக அது போதும். பயமும் கிடையாது, உடம்பு உணர்வதும் கிடையாது. மழை நாளுக்கு ஆகும். அவ்வளவுதான்.

மூன்றாவது வழிதான் எனக்கு நெடுநாளாகப் பிடித்தது: ஸ்லிப்பை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஸ்பாய்லர் இல்லாத இறக்கத்தைச் சோலோவுக்குப் பிறகு வைத்துக்கொள்வது. ஓர் இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டர் பெடலை அழுத்தினால் கிளைடர் மூக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு வேறு பக்கம் போகும். உடல் முழுவதும் காற்றைக் குறுக்கே வாங்கும், இழுவை ஏறும், வேகம் கூடாமலே உயரம் குறையும். கண்ணாடி மூடியின் வெளியே ஒட்டியிருக்கும் கம்பளி நூல், எப்போதும் நேராக நிற்க வேண்டும் என்று நாம் திட்டித் திட்டிப் பழக்கியது, அப்போது குறுக்கே படுத்துக் கிடக்கும். காற்றின் சத்தம் மாறி ஒரு பக்கக் காதில் மட்டும் இரையும். வேகமானியை நம்ப முடியாது, அதன் காற்றுத் துளைகளுக்கும் காற்று கோணலாகத்தானே வருகிறது. ஆகவே மூக்கு தொடுவானத்துக்கு எங்கே இருக்கிறது என்பதையும் சத்தத்தையும் வைத்துத்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். சில வண்டிகளில் பெடலை முழுக்க அழுத்தியதும் ரட்டர் தானாகவே அங்கே ஒட்டிக்கொள்ளும், திருப்பக் கால் பலம் வேண்டும். மாணவன் அதை 3000 அடியில் தெரிந்துகொள்வது நல்லது, 200 அடியில் அல்ல.

அமெரிக்க விதிகளில் கிளைடர் மாணவன் சோலோ போகுமுன் பழக வேண்டியவற்றில் ஸ்லிப் வைத்து இறங்குவதும் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே இந்த அளவுக்காவது முன்கூட்டியே வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் வடிவமைத்த கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரைக்கு வடமொழியில் ஆர்த்ரா. பஞ்சாங்க வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எஸ். ராமாமிருதம் வடிவமைத்த ரோகிணியில் பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். எனக்குச் சொல்லித்தந்தவர்கள் இப்படிப்பட்ட மர வண்டிகளில் வளர்ந்தவர்கள். அந்தக் கால வண்டிகள் தாமாகவே ஓரளவு சீக்கிரம் இறங்கும். அமெரிக்கக் களங்களில் பழசாய்ப் போன ஷ்வைஸர் 2-33க்கும் சறுக்கு விகிதம் 22, 23தான். அப்படிப்பட்ட வண்டியில், "ஸ்பாய்லர் இல்லாம பத்து தடவை இறங்கு, அப்புறம் சோலோ" என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான கண்டிப்பு. அதே வார்த்தையை 34 உள்ள வண்டிக்கு அப்படியே எடுத்துவந்து சொன்னால் கணக்கு தப்பிவிடும். ஆச்சி மகள் களத்தில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி, ஆளுக்கொரு வண்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது என்று நினைக்கிறேன்.

நான்காவது வழி, சோலோவுக்கு முன்பே, முன்கூட்டியே சொல்லிவைத்து, முழுசாக. ஐந்தாவது, சோலோவுக்குப் பின், சொல்லாமல் கொள்ளாமல். டவுன்விண்டில் பயிற்றுநர் பின் லீவரைப் பிடித்துக்கொண்டு, "உன் ஸ்பாய்லர் சிக்கிடுச்சு, இனி உன் பாடு" என்பார்.

முதல் நாள் நான் ஐந்தாவதன் பக்கம் இருந்தேன். நிஜத்தில் எதுவும் சொல்லிவிட்டு வருவதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் மாணவன் காலையிலிருந்தே திட்டம் போட்டு வைத்திருப்பான், அது பரீட்சைக்கு வினாத்தாள் கொடுத்த மாதிரி என்றேன்.

அவள் விடவில்லை. "அம்மான், சோலோன்னா என்ன? பின்னாடி நான் இல்லாம அவன் மட்டும் போறது. உங்களுக்கு மெத்தை மாட்டினப்போ பின்னாடி யார் இருந்தா?"

பதில் இல்லை. காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து யோசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. திடீரென்று செய்வது மாணவனின் சமயோசிதத்தைச் சோதிக்கும், ஆனால் எதையும் கற்றுத்தராது. கற்றுத்தருவது முதல் தடவை நிதானமாகச் செய்யும்போதுதான். அதோடு, பயந்த மாணவன் செய்யும் இரண்டாவது தப்பு என் தப்பைவிட மோசமானது: ரன்வேயைத் தாண்டிவிடுவோம் என்ற பயத்தில் வெகுதூரம் தள்ளிப் போய், தாழ்வாக வந்து, முன்னாலேயே மரத்தில் இறங்குவது. இல்லையென்றால், உயரம் அதிகம் என்று ஃபைனலில் வட்டம் போட்டு, மெதுவாகி, சுழன்று விழுவது. ரன்வேயின் மறுமுனையில் மெதுவாக வேலியில் முட்டினால் வண்டிக்குத்தான் காயம். இந்தப் பக்கத்துத் தப்பில் ஆள் போய்விடுவான். இதை அவன் மனதில் ஏற்ற, பதற்றம் இல்லாத ஒரு பாடம் வேண்டும்.

பயிற்சியில் இன்னொரு சௌகரியம்: இது பாசாங்கு. லீவர் உண்மையில் சிக்கவில்லை. தப்பாகப் போனால் பயிற்றுநர் இழுத்துவிடலாம். சோலோவில் அந்தச் சலுகை கிடையாது.

இரண்டாம் நாள் காலை, நோக்குப்புள்ளியை, அதாவது இறங்கும்போது குறிவைக்கும் இடத்தை, எப்படிச் சொல்லித்தருகிறாய் என்று கேட்டேன். படம் வரைந்து காட்டுவேன் என்றாள். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் நிலை வரை ஒரே நேர்க்கோடு. அவளை முகப்பில் நிறுத்தி, பின்வாசல் தாழ்ப்பாளை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். "தாழ்ப்பா அப்படியே நிக்குது. மேல்படி மேல ஏறுது, வாசப்படி கீழ இறங்குது" என்றாள். அதுதான். கண்ணாடியில் நகராமல் நிற்கும் புள்ளியில்தான் கிளைடர் போய்ச் சேரும். நோக்கிய புள்ளி கண்ணாடியில் கீழே நழுவினால் தாண்டப்போகிறாய், மேலே ஏறினால் எட்டாது. ஸ்பாய்லர் கையில் இருக்கும் மாணவன் இதைப் பார்க்கவே மாட்டான். உயரம் என்று தோன்றினால் இழுப்பான், தாழ்வு என்று தோன்றினால் விடுவான். கை பார்த்துக்கொள்ளும், கண் தூங்கும். ஒரே ஓர் இறக்கத்துக்கு அந்த லீவரைப் பிடுங்கிக்கொண்டால் கண் விழித்துக்கொள்ளும். ஸ்பாய்லர் சிக்குவது அபூர்வம் என்ற மூத்தவரின் வாதம் இந்த இடத்தில் எடுபடாது. வாழ்நாளில் ஒருமுறையும் சிக்காதவனுக்கும் இந்தப் பாடம் தினமும் உதவும்.

சரி, அப்படியென்றால் நான்காவதுதானா? அதிலும் அவள் ரன்வே இடித்தது. 900 மீட்டர், புல்தரை, மறுமுனையில் மரங்கள். தாளில் கணக்குப் போட்டோம். ரன்வே தொடக்கத்தை 10 மீட்டர் உயரத்தில் 55 நாட்டில் கடக்கிறான். அந்த உயரம் 340 மீட்டர் தின்னும். 55லிருந்து 40 நாட்டுக்கு வேகம் குறைந்து தொடும் வரை இன்னும் 650 மீட்டர். ஆக 990, அதுவும் காற்று இல்லாத நாளில், ஸ்லிப் வைக்காமல், தரையில் ஓடும் தூரத்தைச் சேர்க்காமல். எதிர்காற்று 10 நாட் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 800க்குப் பக்கத்தில் வரும்.

தாளில் 990 என்பது வெறும் எண். மாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே வளைவில்லாத சாலைக்குப் போனோம். (செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே போகலாம் என்றாள். அனுமதி கேட்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை.) ஒரு புளியமரத்தடியிலிருந்து மீட்டரைப் பார்த்து ஓட்டி, 900இல் அவளை இறக்கிவிட்டேன். அங்கிருந்து இன்னும் 100 மீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தேன். செம்மண் தூசிக்குள் சின்னதாக நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்த தூரம்தான் அவள் களத்தில் மரங்கள் இருக்கும் இடம்.

அங்கேயே முடிவு செய்தாள். சோலோவுக்கு முன்பு, 3000 அடியில் ஸ்லிப். பிறகு லீவரைப் பாதியில் வைத்து, கையை எடுத்துவிட்டு, அதே நிலையில் இறங்கி முடிக்கும் பாடம் இரண்டு தடவை (இது என் யோசனை. பாதியில் சிக்குவதும் நடக்கும், சர்க்யூட்டை முன்யோசனையோடு போடவும் பழக்கும்). அப்புறம் லீவர் மூடியபடி ஸ்லிப்பிலேயே ஃபைனல் முழுவதும் வந்து, தரைக்கு அருகில் மட்டும் ஸ்பாய்லர். கடைசியாக, எதிர்காற்று 10 நாட்டுக்குக் குறையாத ஒரு காலையில், முதல் நாளே சொல்லிவைத்து, ஒரே ஒரு முழு இறக்கம். பாதி ரன்வே போயும் சக்கரம் தொடவில்லையென்றால் அவள் இழுத்துவிடுவாள், அதை மாணவனிடம் முன்பே சொல்லிவிடுவாள். அந்தக் காற்று கிடைக்காத மாணவனின் சோலோ தள்ளிப்போகும். திடீர்ச் சோதனை எல்லாம் சோலோவுக்கு அப்புறம். பிரேக்கும் சேர்ந்து போகும் என்பதைத் தரையிலேயே, லீவரை இழுத்துச் சக்கரத்தைத் தள்ளிக் காட்டிச் சொல்லப் போகிறாள்.

1500 மீட்டர் தார் ரன்வேயும் சுற்றிலும் வெட்டவெளியும் உள்ள களமாக இருந்தால் நான் பாதி லீவர் பாடத்தைத் தாண்டி நேராக முழு இறக்கத்துக்கே போயிருப்பேன். 600 மீட்டர் களமாக இருந்தால் முழு இறக்கமே வேண்டாம் என்றிருப்பேன், வேறு களத்துக்குக் கூட்டிப்போய்ச் செய்யச் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், "அம்மான், அந்த மெத்தை என்ன ஆச்சு?" என்றாள். அடுத்த நாளே அதன் நான்கு மூலையிலும் நாடா வைத்துத் தைத்துவிட்டார்கள். தைத்தது நான்தான்.